கோழிக்கூண்டில் ஒரு பச்சோந்தி

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு ஊரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தென்னந்தோப்பு வேலியை வெட்டும்போது அக்கா மகன் ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்துவிட்டான். நேற்று சாயங்காலத்திலிருந்து கோழிக்கூண்டில் இருக்கிறது. சாதுவாக இருக்கிறது, கையில் எடுத்தால் கடிப்பதில்லை, நிறம் மாற்றிக் காட்டுகிறது, இப்போது கறுத்துப் போயிருக்கிறது. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடவில்லை. இன்று மதியத்திலிருந்து கண்ணை மூடி மூடித் திறக்கிறது. பையனுக்கு வளர்க்க ஆசை. என்ன தீனி போடுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது, பொள்ளாச்சியில் தெரிந்த கால்நடை டாக்டர் இருக்கிறார், அவரிடம் காட்டலாமா என்பது கேள்வி.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாநில எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி அதைக் கொண்டு போகாதீர்கள். நம் ஊர்ப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிற உயிரினம். அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் வேட்டைதான். பிடிபட்ட விலங்கு அரசாங்கத்தின் சொத்து. எப்படிக் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. நேற்று சாயங்காலம் வந்தது என்றால் உங்களுக்கு நாளைச் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மாநில எல்லையைக் கடத்தினால் நல்லெண்ணத்தோடு செய்ததுகூட வேறு கணக்கில் போய்விடும்.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். வேலி வெட்டும்போது ஆட்கள் பச்சோந்தியைக் கண்டு எடுத்து வருவது நம் பக்கத்தில் புதிதல்ல. தானாகக் கூப்பிட்டுச் சொன்னவர்களை வனத்துறை ஆட்கள் மிரட்டி நான் பார்த்ததில்லை. ஒளித்து வைத்து, செத்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரியவந்தால்தான் சிக்கல்.

போன் செய்யும்போது ஒரு சின்ன விஷயம். மலையாளத்தில் ஓந்து என்று சொன்னால் அவர்கள் சாதாரண ஓணானைத்தான் நினைப்பார்கள். ஒரு ஓணானுக்காகவா போன் என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். மரயோந்து என்று சொல்லுங்கள், உடனே புரியும். இந்தக் குழப்பம் தமிழிலும் உண்டு. கழுத்துச் சிவக்கிற ஓணானையும் பாதிப் பேர் பச்சோந்தி என்றுதான் சொல்கிறார்கள். உங்களிடம் இருப்பது பச்சோந்திதானா என்று பார்க்கக் காலைக் கவனித்தால் போதும். விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, இடுக்கி மாதிரி கொம்பைக் கவ்விப் பிடிக்கும். வால் நுனி சுருளும். கண் இரண்டும் கூம்பு மாதிரி துருத்திக்கொண்டு, ஒன்று மேலே பார்க்கும்போது மற்றது பின்னால் பார்க்கும். உடம்பு பக்கவாட்டில் இலை மாதிரி தட்டையாக இருக்கும். காற்றில் ஆடுகிற இலை மாதிரியே முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் காலெடுத்து வைக்கும். ஓணான் ஓடும், இது ஓடாது. உலகத்தில் 200-க்கு மேற்பட்ட பச்சோந்தி வகைகள் இருக்கின்றன, பாதிக்குப் பாதி மடகாஸ்கரில். இந்தியாவுக்கு வாய்த்தது இது ஒன்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாதுவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாது அல்ல.

ஓடித் தப்பிக்கிற பிராணி பயந்தால் ஓடும். பச்சோந்தியால் ஓட முடியாது. அதன் பிழைப்பே கண்ணில் படாமல் இருப்பதில்தான் இருக்கிறது. ஒரு பருந்தோ காக்கையோ பார்த்துவிட்டால் அசையாமல் இருப்பதுதான் அதற்குத் தெரிந்த வழி. முதல் சில நிமிடம் வாயைப் பிளந்து சீறிப் பார்க்கும், தொண்டையை உப்பிக் காட்டும், உடம்பைப் பெரிதாக்கும். அது எதுவும் பலிக்கவில்லை என்றால் அப்படியே உறைந்துவிடும். பையன் கையில் அது பேசாமல் உட்கார்ந்திருப்பது பருந்தின் காலில் மாட்டிக்கொண்டதாக நினைத்து உட்கார்ந்திருப்பது. கறுப்பு நிறமும் அதையே சொல்கிறது. பச்சோந்தி பின்னணிக்கு ஏற்றபடி நிறம் மாற்றும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், அது முக்கால்வாசி கதை. நிறம் மாறுவது பெரும்பாலும் சூடு, வெளிச்சம், மனநிலை, எதிரில் நிற்கும் இன்னொரு பச்சோந்தி ஆகியவற்றைப் பொறுத்து. தோலுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் இடைவெளி கூடிக் குறையும்போது திரும்பி வருகிற ஒளியின் நிறம் மாறுகிறது. இதை 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆட்கள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றில் காட்டினார்கள். கறுப்பு வருவது வேறு வழியில், மெலனின் என்ற கருநிறப் பொருள் தோலுக்குள் பரவுவதால். விடியற்காலையில் குளிர்ந்த உடம்பைச் சூடாக்க வெயிலில் கறுத்து உட்கார்ந்திருந்தால் அது இயல்பு. நிழலில், கூண்டுக்குள், மத்தியானத்தில் கறுத்திருந்தால் பயம், அல்லது நோவு. பையனுக்கு அது நிறம் மாற்றி விளையாட்டுக் காட்டவில்லை.

பகலில் கண்ணை மூடுவது இதையெல்லாம்விட மோசமான அறிகுறி. ஆரோக்கியமான பச்சோந்தி சூரியன் இருக்கும்வரை கண்ணை மூடாது. மூடினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, அல்லது உள்ளே வேறு ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் கேள்வியில் என்னை உடனே உட்கார்ந்து எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

தண்ணீர் விஷயத்தில் நான் ஒரு கொலை செய்திருக்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எருத்தேம்பதிக்கு அந்தப் பக்கம் மாமா தோட்டத்தில் பனைக்குக் கீழே கள்ளி வேலியில் ஒன்றைப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, இடுப்பில் தையல் நூல் கட்டி முருங்கை மரத்தில் விட்டு வைத்தேன். சில்வர் கிண்ணத்தில் தினமும் புதுத் தண்ணீர் வைத்தேன். தத்துக்கிளி பிடித்து முன்னால் விட்டேன், முதல் இரண்டு நாள் நாக்கை நீட்டி எடுத்தது, அப்புறம் எடுக்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் குறையவே இல்லை என்பதை நான் கவனித்தேன், தாகம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றாம் நாள் காலையில் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் குழிந்து உள்ளே போயிருந்தன. தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஒரு முழம் மேலே அது தாகத்தில் செத்திருக்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பச்சோந்திக்குத் தேங்கி நிற்கும் தண்ணீர் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரிவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தைவிட்டு இறங்காத பிராணி குளத்தையும் குட்டையையும் எங்கே பார்த்தது? அதற்குத் தெரிந்த தண்ணீர் இலையில் உருண்டு சொட்டுகிற பனித்துளியும் மழைத்துளியும்தான். அசைந்து மின்னுகிற துளியைப் பார்த்தால் நக்கும். அதனால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு இலைக்கொம்பு ஒடித்து வைத்து (அரளியும் எருக்கும் வேண்டாம், செம்பருத்தி நல்லது), சலூனில் வைத்திருக்கும் ஸ்பிரே பாட்டில் மாதிரி ஒன்று வாங்கி, புதிய பாட்டிலாகவே வாங்கி, இலை மேல் பனி மாதிரி தெளியுங்கள். முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. ஒரு தடவை புஸ் என்று அடித்துவிட்டுப் போவதில் பயனில்லை. இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகத் தெளித்துவிட்டு ஆள் விலகிப் போய்விட வேண்டும். ஆள் நின்றால் குடிக்காது. சில சமயம் தண்ணீர் விழ ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதற்கு உறைக்கும், அப்புறம் விடாமல் குடிக்கும். இன்னொரு வழி, ஆஸ்பத்திரி டிரிப் செட் ஒன்றை மருந்துக்கடையில் வாங்கித் தண்ணீர் பாட்டிலில் செருகி, கூண்டுக்கு மேலே தொங்கவிட்டு, ஒரு இலையின் மேல் சொட்டுச் சொட்டாக விழும்படி திருகி வைப்பது. செலவு குறைவு, ஆளும் நிற்க வேண்டாம். வாயைப் பிளந்து சிரிஞ்சில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

அடுத்தது கூண்டு. கோழிக்கூண்டு தரையில் இருக்கும், அதுதான் தப்பு. மேலேயிருந்து ஒரு உருவம் குனிந்து பார்ப்பது எதுவோ அதுதான் பச்சோந்திக்கு எமன். இன்று இரவுக்கு மட்டும், காற்றுப்போக ஓட்டை போட்ட ஒரு அட்டைப்பெட்டியில் ஒரு கொம்பைக் குறுக்கே நிறுத்தி அதில் ஏற்றிவிட்டு, வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் பரண் உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். வெளிச்சம் வேண்டாம், டிவி சத்தம் வேண்டாம், பூனை வேண்டாம், பார்க்க வரும் தெருப் பிள்ளைகளும் வேண்டாம். எடுக்கும்போது முதுகில் பிடித்து இழுக்கக் கூடாது. அது கொம்பை விடாது, நீங்கள் இழுப்பீர்கள், விரலோ நகமோ பிய்ந்துபோகும். கையையோ இன்னொரு குச்சியையோ அதன் முன்னால் கொஞ்சம் உயரத்தில் நீட்டினால் தானாக ஏறி வரும். அவசரம் என்றால் கொம்போடு வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

தீனி இன்று முக்கியமே இல்லை. பயந்துபோன, நீர் வற்றிய உடம்பு தின்றாலும் செரிக்காது. கட்டாயப்படுத்தி வாயில் பூச்சி திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தாடையை உடைத்துவிடுவார்கள். வேண்டுமானால் ஒரு சின்ன வெட்டுக்கிளியை விட்டுப் பாருங்கள். அதன் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. அதுவும் மருந்தடிக்காத இடத்தில் பிடித்ததாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இது சாதாரண நிபந்தனை இல்லை. முதலமடை மாந்தோப்புகளில் மருந்தடிக்கிற சீசன் என்றால் வேலியோரப் பூச்சியை நம்பவே முடியாது. மின்மினிப் பூச்சியை ஒருபோதும் கொடுக்காதீர்கள், அதில் இருக்கிற நஞ்சு பல்லியினத்தைக் கொன்றுவிடும்.

சரி, காயம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலி வெட்டும்போது எடுத்தது என்பதால் கேட்கிறேன். அரிவாள் பட்டிருக்கலாம், கொம்போடு கீழே விழுந்திருக்கலாம். நான்கு காலாலும் கொம்பைக் கவ்வுகிறதா, வால் சுற்றுகிறதா, இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழல்கிறதா, வாயோரத்தில் ரத்தமோ சீழோ இருக்கிறதா என்பதைத் தூக்காமலே பார்த்துவிடலாம். வீட்டுப் பல்லிக்கு வால் முளைப்பது போல இதற்கு முளைக்காது, வால் போனால் போனதுதான். காயத்தில் மஞ்சள் பூசாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் செய்வதே அதுதான், ஆனால் பொடி ஒட்டிக்கொண்டு டாக்டர் காயத்தைப் பார்க்கவே விடாது. சலைன் தண்ணீரால் மெல்லக் கழுவி விட்டுவிட்டால் போதும். பூனை கவ்வியிருந்தால் பல் பட்ட இடம் ஊசி குத்திய அளவுதான் தெரியும், ஆனால் பூனை எச்சிலில் உள்ள கிருமி இரண்டு மூன்று நாளில் பச்சோந்தியை முடித்துவிடும். அதை மட்டும் போனிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வனத்துறை எடுத்துக்கொண்டால் எந்தக் கால்நடை டாக்டரிடம் போவது, தேவைப்பட்டால் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி வரை போவதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஊர் டாக்டர் ஆடு மாட்டுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்தை எடையைக் குத்துமதிப்பாகப் பிரித்து இதற்குக் கொடுக்கச் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள்.

காயம் இல்லை, எடுத்த வேலி தெரியும் என்றால் அது போக வேண்டிய இடமும் அந்த வேலிதான். வனத்துறையிடம் அப்படியே சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களும் அதையே சொல்வார்கள். சிலர் நல்லது செய்வதாக நினைத்து வாளையார் காட்டிலோ நெல்லியாம்பதி அடிவாரத்திலோ கொண்டுபோய் விடச் சொல்வார்கள். வேலி அதற்கு ஊர், எந்தக் கொம்பில் எத்தனை மணிக்கு வெயில் வரும், எங்கே பூச்சி கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். தெரியாத காட்டில் போட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கிறதோடு சண்டை, தீனி எங்கே என்று தேடல், நடமாட்டம் கூடினால் காக்கைக் கண்ணில் படுவது எல்லாம் சேர்ந்து வரும். வேலியையே வெட்டிவிட்டீர்களே, அதற்கு என்ன செய்வது என்றால், வெட்டாமல் மிச்சம் இருக்கிற பக்கத்து வேலியோ மரமோ போதும், கூப்பிடு தூரத்துக்குள். காலை வெயில் ஏறின பிறகு, எட்டரை ஒன்பது மணிக்கு, ஆள் உயரக் கொம்பில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இன்னொன்றும் பார்க்கச் சொல்ல வேண்டும், இது முக்கியம். வயிறு இருபுறமும் முண்டு முண்டாக, கடலைக்காய் பை மாதிரி இருக்கிறதா? பிடித்தபோது வேலியில் மேலே இருந்ததா, தரையில் நடந்துகொண்டிருந்ததா? பச்சோந்தி தரைக்கு இறங்குவது அபூர்வம். இறங்கியிருந்தால் முட்டையிட இடம் தேடுகிற பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டு மரம் ஏறிவிடும், அத்தோடு சரி. தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அதிலேயே செத்தும்போகும். கூண்டில் மாட்டிய பெண் பச்சோந்திகள் சாகிற வழிகளில் இது முக்கியமான ஒன்று. உங்களுடையது பெண், வயிறு நிறைந்திருக்கிறது என்றால் நாளை என்று தள்ளாமல் இன்றைக்கே போன் போடுங்கள்.

பையன் ஆசைப்படுகிறான் என்றீர்கள். கடையில் வெளிநாட்டுப் பச்சோந்தி கிடைக்கிறதாமே, அதையாவது வாங்கலாமா என்று அடுத்து வரப்போகிற கேள்விக்கும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அதற்கும் சட்டம் உண்டு. வெளிநாட்டுப் பச்சோந்திகள் ஏறத்தாழ எல்லாமே காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் இருப்பவை. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அப்படிப்பட்ட உயிரினம் கையில் வந்தால் 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் விற்கிற ஆளிடம் வாங்குவது வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற கதைதான். ஏமன் நாட்டுப் பச்சோந்தி என்று சொல்லி விற்றால் தலையைப் பாருங்கள். உச்சியில் பாய்மரம் மாதிரி உயர்ந்த கொண்டை இருக்கும். நம் ஊருடையதற்குக் கொண்டை தணிவு. ஏமன் வகை இன்று பண்ணையிலேயே நிறையப் பொரிக்கப்படுகிறது. ஆப்பிரிக்க வகைகள் பலவும் இன்னும் காட்டில் பிடித்துதான் விற்பனைக்கு வருகின்றன. காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள் என்பது என் கருத்து. பண்ணைக் குஞ்சைவிட மலிவாகக் கிடைக்கும், அந்த மலிவுக்குக் காரணம் உண்டு.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. காட்டுப் பச்சோந்தி எதுவாக இருந்தாலும் குடலில் புழு இருக்கும், சிலவற்றுக்குத் தோலுக்கு அடியில் நூல் மாதிரி ஓடுகிற புழுகூட இருக்கும். காட்டில் இருக்கும்வரை உடம்பும் புழுவும் ஒருவிதமாக அனுசரித்துப் போய்விடும். பிடித்து, மூட்டையில் கட்டி, ஏற்றுமதிக்காரர் கொட்டகையில் பட்டினி போட்டு, விமானத்தில் வந்து, கடைக் கண்ணாடித் தொட்டியில் மற்றப் பச்சோந்திகளைப் பார்த்துப் பயந்துகொண்டே வாரக்கணக்கில் இருந்து வரும்போது உடம்பு தோற்றுவிடும், புழு ஜெயித்துவிடும். வாங்கியவருக்கு இது ஒன்றும் தெரியாது. நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று செத்துவிட்டது என்பார். திடீரென்று சாகவில்லை. நோவை வெளியே காட்டினால் அன்றைக்கே எதற்காவது இரையாகிவிடும் என்பதால் கடைசி வரை மறைத்து வைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஏற்கெனவே சட்டப்படி அப்படி ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் நீங்கள் அதை வளர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, நான்கடி உயரம், நான்கு பக்கமும் வலை போட்ட கூண்டு. கண்ணாடித் தொட்டி நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது, தன் நிழலையே பார்த்து இன்னொரு பச்சோந்தி என்று மிரளும். மூன்று பக்கம் நர்சரியில் விற்கிற பச்சை நெட்டால் மறைத்துவிடுங்கள். உள்ளே செம்பருத்தி, மணி பிளான்ட் என்று நெருக்கமாக வையுங்கள், நீங்கள் பார்த்தால் அது தெரியக் கூடாது, அந்த அளவுக்கு. கூண்டை மேசை மேல் ஏற்றி, அது உட்காரும் கொம்பு உங்கள் தலைக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். ஒரு கூண்டுக்கு ஒன்று, ஜோடி என்ற பேச்சே கிடையாது.

காலையும் மாலையும் தெளிப்பு, நடுவே டிரிப். முதல் எச்சம் விழுந்ததும் கவனியுங்கள். அதில் வெள்ளையாக ஒரு பகுதி இருக்கும், அதுதான் சிறுநீர் உப்பு. வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதும், ஆரஞ்சு நிறமாக இருந்தால் போதவில்லை. எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து ஃபிரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) வைத்து ஒரு நாளுக்குள் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை டாக்டரிடம் புழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மருந்து நீர்ச்சத்து சரியான பிறகுதான், வந்த அன்றே அல்ல. வற்றிய உடம்பில் மருந்து விஷம், ஒரே நாளில் செத்துக் கரைகிற புழுக்கூட்டமும் விஷம். வாரம் ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் கொம்போடு எடை போட்டு எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசுக்குத் தெரியும்.

வெயில் பற்றித்தான் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் தப்புச் செய்கிறார்கள். புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் கால்சியம் எலும்பில் சேராது, கை கால் வளையும், தாடை ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் வராது என்பதால் ஜன்னலோரம் வைத்ததில் பயனில்லை. அதற்காக மார்ச் மாதப் பாலக்காட்டு வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை, பாதி நிழல் இருக்கிற இடத்தில் போதும். நிறம் வெளிறி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஆடிக்காற்று அடிக்கிற மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கூண்டு வழியே நேராக ஓடினால் எவ்வளவு தெளித்தாலும் ஈரம் நிற்காது, காற்றுப் பக்கத்தை மறைத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ப்பவர்கள் அதற்கான புற ஊதா டியூப் லைட் வாங்கத்தான் வேண்டும். சூட்டு பல்பு வைத்தால் வலையிலிருந்து ஒரு முழமாவது மேலே வையுங்கள், வலையில் தலைகீழாகத் தொங்கி முதுகைச் சுட்டுக்கொள்ளும். ராத்திரியில் எந்த விளக்கும் கூடாது.

பூச்சி உயிரோடு இருக்க வேண்டும், ஒரே பூச்சியாகவும் இருக்கக் கூடாது. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, கரப்பான், ஈ என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். காட்டில் பிடித்தது சுவர்க்கோழியைத் திரும்பியும் பார்க்காமல் ஈயை மட்டும் எடுப்பது சகஜம். உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர் யாராவது தெரிந்தால் அதிர்ஷ்டம், மெத்தென்று நீர்ச்சத்துள்ள தீனி, எதையும் தொடாததும் அதைத் தொடும். பூச்சிக்கு முதல் நாளே கீரை, கேரட் போட்டு அதன் வயிற்றை நிரப்பிவிட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மேலே கால்சியம் பொடி லேசாகத் தூவ வேண்டும். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கிற கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அவற்றில் வைட்டமின் டி3 சேர்ந்திருக்கும், தினமும் போட்டால் அளவு மிஞ்சி உறுப்புகளில் சுண்ணாம்பு படியும். டி3 கலந்தது மாதம் இரண்டு தடவை போதும், மற்ற நாட்களில் டி3 இல்லாத வெறும் கால்சியம். சாப்பிடாத சுவர்க்கோழியை ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள், தூங்குகிற பச்சோந்தியை அது கடித்துத் தின்னும்.

பெண் என்றால் பல வகைகளில் ஆண் இல்லாமலே முட்டை வைக்கும், ஏமன் வகையில் ஒரே தடவையில் முப்பது நாற்பது என்பது சாதாரணம். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய வாளி கூண்டிலேயே இருக்க வேண்டும். தோண்ட ஆரம்பித்தால் எட்டிப் பார்க்காதீர்கள், பார்த்தால் நிறுத்திவிடும். வளர்த்து அலுத்துப்போனால் வெளியே விட்டுவிடாதீர்கள். ஏமன் பச்சோந்தி அமெரிக்காவில் ஃப்ளோரிடாவிலும் ஹவாயின் மாவி தீவிலும் அப்படி வெளியே போய்த்தான் குடியேறியது. நம் வேலியில் இருக்கிற ஒரே ஒரு இனத்துக்கு அது பங்காளியாக வர வேண்டியதில்லை.

இவ்வளவையும் எழுதியதற்குக் காரணம், பையன் கேட்டால் இதைப் படித்துக் காட்டுங்கள். இதெல்லாம் முடியுமா என்று அவனே சொல்லட்டும். ஓந்து ரத்தம் குடிக்கும் என்று தொப்புளைப் பொத்திக்கொண்டு ஓடுகிற, கண்டவுடன் கல்லெடுக்கிற பிள்ளைகளுக்கு நடுவே அதைக் கொல்லாமல் வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறான். திட்டாதீர்கள்.

இப்போது கூண்டிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு மாற்றி, இலை மேல் நிதானமாகத் தெளித்துவிட்டு, போனை எடுங்கள். பக்கத்து வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் நம்பர் கிடைக்காவிட்டால் கொழிஞ்சாம்பாறை போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாலும் சட்டப்படி சொன்னதாகத்தான் கணக்கு, எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மூன்று விஷயம் கேட்பார்கள்: எந்தத் தோப்பு, வேலியில் எந்த இடம், மேலே இருந்ததா தரையில் இருந்ததா. பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவனுக்குத்தான் சரியாகத் தெரியும். விடுவதற்குப் போகும்போது அவனையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள், கொம்பைக் காட்ட ஆள் வேண்டும்.